எலுமிச்சம்பழம் வைத்த மூன்றாவது சிலிண்டர்

இன்று ஈப்போவில் எல்ஸி அக்காவைச் சந்தித்தேன். சந்தித்தேன் என்று எழுதுவது மரியாதைக்காகத்தான். காலை ஒன்பதரை மணியிலிருந்து மாலை நான்கு மணி வரை அவரிடம் திட்டு வாங்கினேன் என்பதுதான் உண்மை. என்னோடு சேர்ந்து வாங்கியவன் என் நண்பன் தனேஸ்வரன். எஞ்சின் அவனுடையது என்பதால் அவனுக்குப் பங்கு அதிகம். வீட்டுக்கு வந்ததும் குளிக்கக்கூடப் போகாமல் இதைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெலாப்பாங்கில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் பட்டறையில் எஞ்சின் சிலிண்டர் போரிங் போடுகிறவர். வயது நாற்பத்து நான்கு. குள்ளம். மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். ஈப்போவிலிருந்து தைப்பிங் வரைக்கும் பழைய காடியை, அதாவது காரை, பந்தயத்துக்குத் தயார் செய்கிற பையன்களில் பாதிப் பேர் அவரிடம்தான் வருகிறார்கள். வருகிற எல்லாரும் பயந்துகொண்டேதான் வருகிறார்கள்.

போரிங் (சுருக்கமாகப் போர்) என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: எஞ்சினின் அடிப்பாகம் ஒரு பெரிய இரும்புக் கட்டி, அதைப் பிளாக் என்போம். அதில் நான்கு வட்டக் குழிகள், அவைதான் சிலிண்டர்கள். அதற்குள்தான் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும். பல வருடம் ஓடினால் குழியின் சுவர் தேய்ந்து வட்டம் கோணலாகிவிடும். அதை மறுபடி கடைந்து, கொஞ்சம் பெரிதாக்கி, சரியான வட்டமாக்கி, பெரிய பிஸ்டனைப் போட வேண்டும். தனேஸின் பழைய சாகா காடிக்கு அக்கா போட்ட அளவு எழுபத்தாறு புள்ளி இருபத்தைந்து மில்லிமீட்டர். அந்த அளவில் எஞ்சின் 1498 சிசி வரும். அவன் பெயர் கொடுத்திருக்கிற பந்தயம் 1500 சிசி பிரிவு. அடுத்த பெரிய பிஸ்டனுக்குப் போனால் 1508 ஆகிவிடும், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதாவது இந்தப் பிளாக்கை இன்னொரு முறை பெரிதாக்க முடியாது. இதுதான் கடைசி அளவு.

தனேஸ் ஆயர் தாவாரில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். இரண்டு வருடமாக ஒவ்வொரு பந்தயத்துக்கும் போய் வேலிக்கு வெளியே நின்று கைதட்டிவிட்டு வருகிறவன். வருகிற ஞாயிற்றுக்கிழமைதான் முதல் முறையாக வேலிக்கு உள்ளே போகப்போகிறான். பிஸ்டன் வருவதற்கே மூன்று மாதம் காத்திருந்தான். வெள்ளிக்கிழமை அக்கா வேலையை முடித்து, சிலிண்டருக்கு எண்ணெய் பூசி, பிளாக்கைப் பெரிய பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். "பிஸ்டன் போடுற நாள் வரைக்கும் பிரிக்காத" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பிரித்தோம்.

காரணம் சீனி மாமா. தனேஸின் தாய்மாமா. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் முனீஸ்வரன் கோயிலுக்குப் பூசை செய்கிறவர். தொழிலாளர்களின் லயத்து வீடுகள் போய்விட்டன, பால்மரம் இருந்த இடமெல்லாம் செம்பனை, ஆனாலும் புதுக் காடி வாங்கினால் யாராக இருந்தாலும் அங்கேதான் கொண்டுபோவார்கள். முதல் பந்தயம் என்றதும் மாமா, "எஞ்சின கொண்டாடா" என்றார். பிளாக்கை என் வண்டியில்தான் ஏற்றிப் போனோம். மேலே ஒரு பொட்டு வைத்துவிட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தோம். சீனி மாமா எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. "நெருப்பு உள்ளுக்குத்தானே வெடிக்குது? அப்ப உள்ளுக்குத்தான் சாமி பாக்கணும்" என்று பிளாஸ்டிக்கை அவரே பிரித்தார். நான்கு சிலிண்டருக்கும் பன்னீர். கொஞ்சம் இளநீர். விபூதி. ஒவ்வொரு குழிக்கும் குங்குமம் தடவி அறுத்த எலுமிச்சம்பழம் ஒன்று. அப்புறம், ஒரு ராத்திரி சாமி முன்னால் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். கற்பூரத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்தான். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

இன்று காலை எடுக்கப் போனபோது சிலிண்டர் உள்ளே தேநீர் நிறத்தில் துரு.

பட்டறைக்குள் பிளாக்கை இறக்கி வைத்தோம். அக்கா குனிந்து பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு மூன்றாவது சிலிண்டருக்குள் விரலை விட்டு எதையோ எடுத்து மோந்து பார்த்தார். எலுமிச்சை விதை.

"தனேஸ், நா வெள்ளிக்கெழம என்னா சொன்னேன்?"

"பிரிக்காதன்னு சொன்னீங்க அக்கா."

"அப்பறம் என்னா லா இது?"

"பூஜ போட்டோம்."

"போடு. யாரு வேணாம்னா? காடிக்குப் போடு, டயருக்குப் போடு, ஒன் தலைக்குப் போடு. உள்ளுக்கு எதுக்குப் போட்ட?"

"மாமாதான் அக்கா..."

"என்னாத்த ஊத்துனாரு ஒங்க மாமா?"

"பன்னீரு."

"எத்தன போத்தல்?"

"ரெண்டு."

அக்கா மறுபடி மோந்து பார்த்தார். "இது பன்னீர் வாட மட்டும் இல்லியே."

தனேஸ் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். "எளநி கொஞ்சோண்டு" என்றான்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைக் கசக்கினார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"நா சர்ச்சுக்குப் போறவ, அதனால சொல்றேன்னு நெனச்சிக்காத. என் தம்பி ஐவன் காடிக்கு நா போர் போட்டப்ப, எங்கம்மா புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன்ஸ் கோயில் தண்ணிய போத்தல்ல புடிச்சிக்கிட்டு வந்தாங்க. பெத்த அம்மா. கேட்டுக்கு வெளிய நிக்க வச்சிட்டேன். ரெண்டு மாசம் எங்கூட பேசல. நல்ல மனசோட ஊத்துற தண்ணின்னு சாமிக்குத் தெரியும். இரும்புக்கு எப்பிடி லா தெரியும்?"

அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. ஒன்பது வருடத்தில் அவர் போட்ட போரில் தப்பு என்று ஒரு பிளாக்கும் திரும்பி வந்ததில்லையாம். திரும்பி வந்ததெல்லாம் வீட்டுக்குப் போனபின் யாரோ கைவைத்தது. ஒருத்தர் குளியலறையில் வைத்திருந்தார். ஒருத்தர் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் கழுவி வெயிலில் காயவைத்தார். பாரிட் புந்தாரிலிருந்து வந்த ஒருத்தர்தான் உச்சம். சிலிண்டர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு இருக்கும், எண்ணெய் தங்குவதற்காக அக்காவே சாணைக் கல் வைத்துப் போடுகிற கோடு. அதைக் கீறல் என்று நினைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டு, "ஒங்க வேலையில ஃபினிஷிங் பத்தல அக்கா, நானே சரி பண்ணிட்டேன்" என்று படம் எடுத்து அனுப்பினாராம்.

"ஒங்களால எல்லாம் சும்மா இருக்க முடியாதா? நா கேக்கறது ஒன்னே ஒன்னு. சும்மா இரு. அது அவ்ளோ சுசாவா?"

சுசா என்றால் கஷ்டம். கஷ்டமாகத்தான் இருக்கிறது போல.

திட்டிக்கொண்டே வேலையைத் தொடங்கிவிட்டார் என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தார். மேலே எஞ்சின் தலை உட்காரும் இடத்தில் ஒரு தடித்த இரும்புத் தட்டை வைத்து, பத்து போல்ட்டையும் தலையை இறுக்குகிற அதே முறுக்கில் இறுக்கினார். தலையை இறுக்கினால் சிலிண்டர் லேசாக நெளியுமாம். அந்த நெளிவோடு கடைந்தால்தான் ஓடும்போது வட்டமாக இருக்கும். இதற்காகவே அவரிடம் போகிறார்கள். பிறகு ஊசி வைத்த அளவுக் கருவியை எடுத்தார். நீளக் குச்சியின் முனையில் கடிகாரம் மாதிரி ஒரு முகம், அதில் ஒவ்வொரு கோடும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு.

"இங்க பாரு. வெள்ளிக்கெழம நா குடுத்தப்ப ஊசி சைபர்ல நின்னுச்சி. துருவ எடுக்க கல்லு போட்டா குழி பெருசாவும். மூனு கோடு வரைக்கும் இந்தப் பிஸ்டன் தாங்கும். மூனத் தாண்டுனா உள்ள ஆடும், சத்தம் போடும், ஒடைக்கும். மூனு கோட்டுக்குள்ள துரு போச்சின்னா ஞாயித்துக்கெழம நீ ஓட்டுற. போகலன்னா இந்தப் பிளாக்க ஒங்க மாமாகிட்டயே குடுத்துரு, பூச்செடி வைக்கட்டும்."

மூன்று கோடு. ஒரு தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை.

கல் சுற்ற ஆரம்பித்தது. எண்ணெய் வழிய வழிய மேலும் கீழுமாக ஓடும். பத்து ஓட்டம், நிறுத்து, துடை, விளக்கடித்துப் பார், அளவெடு. முதல் சிலிண்டர் ஒரு கோட்டில் சுத்தமாகிவிட்டது. இரண்டாவது ஒன்றரை. நான்காவதும் ஒன்றரை. தனேஸ் சிரிக்க ஆரம்பித்தான். "சிரிக்காத. மூனாவது இருக்கு" என்றார் அக்கா.

மூன்றாவதில் எலுமிச்சம்பழம் அறுத்த பக்கம் சுவரோடு ஒட்டிக்கொண்டு படுத்திருந்திருக்கிறது. அரை நிலா வடிவில் கறுப்பாக ஒரு தடம். ஒரு கோடு போனது, தடம் அப்படியே. ஒன்றரை, அப்படியே. இரண்டில் வெளிறியது. தனேஸால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, லேசாத்தானே தெரியுது. விட்டுரலாமா?"

"பிஸ்டனச் சுத்தி இருக்கற ரிங்கு அந்த எடத்துல நிமிசத்துக்கு ஆயிரக்கணக்குல ஓடும். ஒவ்வொரு தடவையும் அத தட்டிக்கிட்டேதான் போவும். விட்டுரவா?"

"வேணாம் அக்கா."

இன்னும் பத்து ஓட்டம். இன்னும் ஐந்து. கல்லை வெளியே எடுத்து, துடைத்து, விளக்கடித்தார். தடம் இல்லை. சுத்தமான சாம்பல் நிறம், மேலே அந்தக் குறுக்குக் கோடுகள். அளவுக் கருவியை உள்ளே இறக்கும் நேரம் முன்பக்கத்து ஃபோன் அடித்தது. அக்கா கருவியை அப்படியே விட்டுவிட்டுப் போனார். "தொடாதிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அங்கே யாரிடமோ, "பிஸ்டன் கையில இல்லாம எதுக்கு போர் போடச் சொல்ற? வாங்கிட்டு வா, நா அளந்து பாக்கணும். பெட்டியில எழுதியிருக்கறத வச்சில்லாம் போட முடியாது. தாக் போலே, முடியவே முடியாது" என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். இங்கே தனேஸ் எட்டிப் பார்த்தான். கருவியைத் தொட்டான். லேசாக ஆட்டினான், அக்கா ஆட்டுவது மாதிரியே. ஊசி நின்ற இடத்தைப் பார்த்தான். என்னையும் பார்க்கச் சொன்னான்.

மூன்றைத் தாண்டி நின்றது.

அவன் வெளியே போய் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தான். அங்கிருந்தே மனைவி குமுதாவுக்கு ஃபோன் போட்டான். "போச்சும்மா. இல்ல, போச்சு. ஞாயித்துக்கெழம போகல. நீ பிள்ளைங்கள்ட்ட சொல்லிரு" என்றான். ஆறு சக்கர லோரியை மழையில் ஒற்றைக் கையால் திருப்புகிறவன், ஃபோனை மடியில் வைத்துவிட்டு உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்தக் கற்பூரத் தட்டு ஞாபகம் வந்தது.

அக்கா திரும்பி வந்தார். கருவி நகர்ந்திருந்தது உடனே தெரிந்துவிட்டது.

"எவன் தொட்டது?"

"அக்கா, மூனத் தாண்டிருச்சி அக்கா" என்றேன் நான்.

"தாண்டும். தொட்டுப் பாரு. வேணாம், தொடாத, நானே சொல்றேன். இவ்ளோ நேரம் கல்லு தேச்சிருக்கு, பிளாக்கு சூடா இருக்கு. சூட்டுல குழி பெருசாத்தான் காட்டும். ஆறட்டும். அதுக்குள்ள எவன்டா ஒன்ன பாக்கச் சொன்னது? அவன் எங்க?"

தனேஸைக் கூப்பிட்டேன். ஓடி வந்தான். எவ்வளவு நேரம் ஆகும் என்றான். ஒன்றரை மணி நேரம் என்றார் அக்கா. அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டான், சத்தியமாகக் கேட்டான்: "ஈரத் துணி ஏதாச்சும் போட்டு ஆத்தலாமா அக்கா?"

அக்கா என்னைப் பார்த்தார். "இவன கொஞ்சம் வெளிய கூட்டிட்டுப் போ, தம்பி."

அந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் அவரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டேன். எதிர்க்கடையில் மூன்று பொட்டலம் மீ கோரேங் நூடுல்ஸ் வாங்கி வந்து, "தின்னுங்க, மொகத்தப் பாக்கச் சகிக்கல" என்று வைத்தார். அக்காவும் தோட்டத்துப் பிள்ளைதான். அப்பா தோட்டத்து லோரி ஓட்டியவர். படித்து முடித்ததும் ஒரு தொழிற்சாலையில் அளவெடுக்கும் அறையில் வேலை. பதினான்கு வருடம். அந்த அறை எப்போதும் இருபது டிகிரியில் இருக்குமாம். உள்ளே கொண்டுவரும் இரும்புத் துண்டை ஒரு நாள் முழுக்கச் சும்மா வைத்துவிட்டு மறுநாள்தான் அளப்பார்கள். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போனபோது எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்தப் பட்டறைக்கு ஃபோன் எடுக்கத்தான் வந்தார். ஒரு நாள் தவுக்கே, அதாவது முதலாளி, ஒரே சிலிண்டரைக் காலையில் ஒரு அளவாகவும் மதியம் இன்னொரு அளவாகவும் அளந்துவிட்டு, கருவி கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போடப் போயிருக்கிறார். அக்கா மேசையிலிருந்தே, "பாஸ், கருவி நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் அவசரம்" என்றாராம். அடுத்த மாதம் கருவி அக்கா கைக்கு வந்துவிட்டது.

"பந்தயம் பாத்திருக்கீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"எதுக்கு? ஒடையிறத பாக்கவா? இங்க வட்டமா போவுது. எனக்கு அது போதும்."

மூன்றரை மணிக்கு எழுந்தார். கையைக் கழுவித் துடைத்தார். கருவியின் அளவைச் சரிபார்த்துவிட்டு மூன்றாவது சிலிண்டரில் இறக்கினார். மேலே, நடுவில், கீழே. திசை மாற்றி மறுபடி மேலே, நடுவில், கீழே. ஒவ்வொரு பிளாக்குக்கும் அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற அளவுத் தாள் இருக்கிறது, அதில் எழுதினார். தனேஸ் பின்னால் நின்று மூச்சே விடவில்லை.

"அக்கா."

"எழுதியிருக்கேன்ல. படி."

அவனால் படிக்க முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது. நான்தான் வாங்கிப் படித்தேன். இரண்டரைக் கோடு. பெரிய இடத்தில் இரண்டரை, மற்ற இடத்தில் அதற்கும் குறைவு. நான் சத்தமாகச் சொன்னதும் தனேஸ் பிளாக்கின்மேல் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து அழ ஆரம்பித்தான். எனக்கும் அடக்க முடியவில்லை.

அக்கா அவன் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"தள்ளி நின்னு அழு லா. கண்ணீரு உப்பு."

பிறகு சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டுச் சிலிண்டரைக் கழுவினார். நீங்கள் மட்டும் தண்ணீர் ஊற்றலாமா என்று தனேஸ் கேட்கப் போனான், நல்லவேளை நான் காலை மிதித்துவிட்டேன். கழுவி முடித்த ஐந்து நிமிடத்துக்குள் காற்றடித்து, வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்து, துணியில் அழுக்கு வராதவரைக்கும் துடைத்து, பிளாஸ்டிக்கில் சுற்றினார். நாங்கள் தூக்கக் கையை நீட்டினோம்.

"எங்க?"

"வீட்டுக்கு அக்கா."

"வீட்டுக்கா? இந்தப் பிளாக்கு இனி இங்கதான். இன்னும் அரைக் கோடுதான் மிச்சம், அத ஒங்க கையில குடுத்துட்டு நா தூங்க முடியாது. புதன்கெழம பிஸ்டன், ரிங்கு, எல்லாத்தயும் இங்க கொண்டாந்து இந்த மூலையில உக்காந்து மாட்டு. தலைய இறுக்கி மூடுனப்பறம் தூக்கிட்டுப் போ." கொஞ்சம் யோசித்தார். "ஒங்க மாமாவையும் கூட்டிட்டு வா. மூடுன பெறகு மேல பொட்டு வைக்கட்டும், மால போடட்டும், எத்தன எலுமிச்சம்பழம் வேணும்னாலும் அறுக்கட்டும். வெளிய. எல்லாம் வெளிய."

தனேஸ் வெளியே வந்து முதல் வேலையாகக் குமுதாவுக்கு ஃபோன் போட்டான். அடுத்து சீனி மாமாவுக்கு. மாமா முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "பாத்தியா, சாமி காப்பாத்திருச்சி" என்றார். தனேஸ் ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டான். புதன்கிழமை வரச் சொன்னேன். அக்காவே பேசிக்கொள்ளட்டும்.

எஞ்சின் பிரிக்கிற எண்ணம் இருந்தால் ஜெலாப்பாங்குக்குப் போய் எல்ஸி அக்காவைப் பாருங்கள். பிஸ்டனைக் கையோடு கொண்டுபோங்கள், இல்லையென்றால் வாசலிலேயே திட்டு கிடைக்கும். இதை உங்கள் பந்தயக் கூட்டாளிகளுக்குப் பகிருங்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் வீட்டில் காடிக்குப் பூசை போடுகிற மாமா, ஜெபத் தண்ணீர் தெளிக்கிற அம்மா யாராவது இருந்தால், முதலில் அவர்களுக்கு அனுப்புங்கள். பிளாஸ்டிக்கைப் பிரிப்பதற்கு முன்னால் அனுப்புங்கள்.